செருகுநிரல் இருந்தும் பேசாத செயலி: கியூட்டி உரை ஒலிப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

அறிகுறி

பார்வைக் குறைபாடுள்ள கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழ் மின்னூல்களை உரக்க வாசித்துக் காட்டும் செயலி ஒன்றை, செயலிகள் எழுத உதவும் கியூட்டி (Qt) என்னும் நிரல் கட்டமைப்பின் 6.5 பதிப்பைக் கொண்டு ஒரு சிறு குழு எழுதி வந்தது. ஒரே சி++ நிரலிலிருந்து விண்டோஸ், லினக்ஸ் வகையான உபுண்டு, ஆண்ட்ராய்டு ஆகிய மூன்றுக்கும் வெளியீடு தர வேண்டும் என்பது ஏற்பாடு. பயனர்கள் நிறுவிக்கொள்ளும் வெளியீட்டுப் பொதிகளைச் சரிபார்ப்பது அந்தக் குழுவில் என் பொறுப்பு. நிரலாளர்களின் கணினிகளில் செயலி நன்றாகவே பேசியது. தானியங்கிச் சோதனைகளும் ஒன்றுவிடாமல் தேறின. உபுண்டு 22.04-க்கான பொதியைப் பரிசோதகர்களிடம் கொடுத்த பிறகே சிக்கல் வெளிப்பட்டது.

'வாசி' பொத்தானை அழுத்தினால் அது உடனே 'நிறுத்து' என்று மாறியது. ஆனால் ஒலி எழவில்லை, வரிகளை ஒவ்வொன்றாக வண்ணமிட்டுக் காட்டும் குறியும் நகரவில்லை. பிழைச் செய்தி எதுவும் திரையில் தோன்றவில்லை. பொத்தான் மாறியதற்குக் காரணம் எளிது: ஒலிப்பு உண்மையில் தொடங்கியதா என்று நிரல் கேட்டுப் பார்க்கவில்லை, பொத்தான் அழுத்தப்பட்டதை மட்டுமே வைத்து முகப்பை மாற்றியது. கண்ணால் பார்ப்பவருக்கே இது குழப்பம் தரும். திரையில் உள்ளதை உரக்கச் சொல்லும் திரைவாசிப்பானின் துணையோடு கணினியைப் பயன்படுத்துபவருக்கோ 'நிறுத்து' என்ற அறிவிப்பு கேட்டுவிடுவதால், வாசிப்பு தொடங்கிவிட்டது, ஒலி அளவுதான் குறைவாக இருக்கிறது என்றே எண்ணத் தோன்றும்.

பரிசோதகர்களில் ஒருவர் அப்படி எண்ணி ஒலி அளவை முழுவதுமாகக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "ஓர்கா நல்லாப் பேசுது சார், உங்க ஆப் மட்டும் வாயே திறக்க மாட்டேங்குது" என்றார். குறைகூறலாக வந்த இந்த வாக்கியத்தில்தான் நோயின் பாதி விவரம் இருந்தது. லினக்சில் ஓர்கா என்னும் திரைவாசிப்பான் நேரடியாகக் குரல் எழுப்புவதில்லை. அது ஸ்பீச் டிஸ்பாச்சர் என்னும் பின்னணிச் சேவையிடம் உரையைக் கொடுக்கிறது. அந்தச் சேவை, இஸ்பீக் என்ஜி போன்ற ஓர் ஒலிப்பு இயந்திரத்திடம் அதை ஒப்படைக்கிறது. எங்கள் செயலியும் கியூட்டியின் வழியாக அதே சேவையைத்தான் நாடுகிறது. ஓர்கா பேசுகிறது என்றால் ஒலி அட்டை, இஸ்பீக், ஸ்பீச் டிஸ்பாச்சர் ஆகிய அனைத்தும் நலமாக உள்ளன என்று பொருள். பழுது, செயலிக்கும் அந்தச் சேவைக்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

குழுவில் உடனே எழுந்த யோசனையோ இதற்கு நேர்மாறாக இருந்தது. ஸ்பீச் டிஸ்பாச்சரை நீக்கி மீண்டும் நிறுவச் சொல்வது, இஸ்பீக்கின் தமிழ்க் குரலைத் தனியாக இறக்கச் சொல்வது என்று பட்டியல் நீண்டது. பேச்சு வரவில்லை என்றதும் பேச்சு இயந்திரத்தை நிறுவச் சொல்வது இந்தத் துறையில் ஊறிப்போன வழக்கம். எந்த அடுக்கில் பழுது என்று தெரியாமல் எதையும் நிறுவச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. அதிலும் பேசிக்கொண்டிருக்கும் திரைவாசிப்பானின் அடித்தளத்தை நீக்கச் சொல்வது, அந்தப் பயனரின் கணினியையே ஊமையாக்கிவிடக் கூடிய ஆலோசனை.

நான்கு செய்திகள், நான்கு அடுக்குகள்

செயலியைப் பட்டியிலிருந்து தொடங்காமல் கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்திலிருந்து இயக்கச் சொன்னோம். உரை ஒலிப்புச் செருகுநிரல் எதுவும் காணப்படவில்லை என்று ஒரே ஒரு வரி வந்தது. செருகுநிரல் என்பது செயலியோடு தனிக் கோப்பாகச் சேரும் துணை நிரல். அந்த வரி எந்தச் சூழ்நிலையில் எழுதப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கியூட்டியின் இந்தப் பகுதி எப்படிக் கட்டப்பட்டுள்ளது என்பதைச் சிறிது விரிவாகப் பார்க்க வேண்டும்.

கியூட்டியின் உரை ஒலிப்பு நிரலகம் (பிற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) தானாகப் பேசத் தெரியாதது. அது ஒரு பொது முகப்பு மட்டுமே. பேசவைக்கும் வேலையை ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் உரிய செருகுநிரல் செய்கிறது: லினக்சில் ஸ்பீச் டிஸ்பாச்சரை நாடும் ஸ்பீச்டி, தானே குரல் உருவாக்கும் ஃப்ளைட் ஆகிய இரண்டு, விண்டோசின் பழைய, புதிய பேச்சு வசதிகளுக்கான சாபி, வின்ஆர்டி ஆகிய இரண்டு, ஆண்ட்ராய்டில் அதன் பெயரிலேயே ஒன்று, இவை தவிர, எல்லாத் தளங்களிலும் சோதனைக்கென்று மாக் என்னும் போலி இயந்திரம் ஒன்று. செருகுநிரல்கள் டெக்ஸ்ட்டுஸ்பீச் என்ற பெயருள்ள துணைக் கோப்புறையில் இருக்க வேண்டும். செயலி இயங்கத் தொடங்கியதும் நிரலகம் அந்தக் கோப்புறையைத் தேடி, உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்பின் மேல்விவரத்தையும் படிக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கட்டத்தில் கோப்பு நினைவகத்தில் ஏற்றப்படுவதில்லை. அதனுள் பதித்து வைக்கப்பட்டுள்ள பெயர், முன்னுரிமை எண், எந்தக் கியூட்டிப் பதிப்புடன் தொகுக்கப்பட்டது என்னும் தகவல் ஆகியவை மட்டுமே வாசிக்கப்படுகின்றன.

இதன் விளைவாக நான்கு வெவ்வேறு பிழைச் செய்திகள் எழ வாய்ப்புண்டு. மேல்விவரச் சோதனையில் தேறி, தானாகத் தேர்வாகக் கூடிய செருகுநிரல் ஒன்றுகூட இல்லையென்றால், எதுவும் காணப்படவில்லை என்ற செய்தி வரும். நிரல் ஓர் இயந்திரத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு அந்தப் பெயர் பட்டியலில் இல்லையென்றால், அந்தச் செருகுநிரலுக்கு ஆதரவில்லை என்று வரும். பெயர் பட்டியலில் இருந்து, கோப்பை ஏற்றும்போது அது சார்ந்திருக்கும் வேறொரு நிரலகம் கிடைக்காமல் போனால், ஏற்றுவதில் பிழை என்று வரும். ஏற்றிய பிறகு இயந்திரத்தை உருவாக்க முடியாமல் போனால், உருவாக்குவதில் பிழை என்று வரும். இவற்றைத் தாண்டி எல்லாம் சரியாக ஏறியும் ஸ்பீச் டிஸ்பாச்சருடன் தொடர்பு கிடைக்காவிட்டால், அதற்கான எச்சரிக்கையை அந்தச் செருகுநிரலே எழுதும். ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே தொனியில் அமைந்த வரிகள் என்பதால் பலரும் இவற்றை ஒன்றாகவே எண்ணிக்கொண்டு, எந்த வரி வந்தாலும் ஒரே மருந்தைத் தேடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இயந்திரம் கிடைக்காத நிலையில் பேசு என்ற கட்டளையை நிரல் கொடுத்தால், கியூட்டி செயலியை நிறுத்துவதில்லை, விதிவிலக்கு எறிவதும் இல்லை. கட்டளையை அமைதியாக விழுங்கிவிடுகிறது. நிலையைக் கேட்டால் பிழை என்று பதில் தரும். கேட்க வேண்டியது நிரலாளரின் கடமை.

கோப்பு இருக்கிறது, பட்டியல் காலி

எங்களுக்கு வந்தது முதல் செய்தி. எனவே கோப்புறையே இல்லை என்று எதிர்பார்த்துத்தான் பொதியைப் பிரித்தேன். கோப்புறை இருந்தது. அதனுள் இரண்டு கோப்புகளும் இருந்தன. ஒன்று மாக், மற்றொன்று ஸ்பீச்டி. அதாவது, தேவையான செருகுநிரல் கண்ணெதிரே கிடக்கிறது, செயலியோ எதையும் காணவில்லை என்கிறது. தேடும் பாதை தவறாக இருக்கலாம் என்ற ஐயத்தில், செருகுநிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலை நிரலின் வழியாகவே அச்சிட்டுப் பார்த்தோம். பாதையும் சரி.

செருகுநிரல் தேடலை வரிவரியாக எழுதிக் காட்டச் சொல்லும் சூழல் மாறி ஒன்று கியூட்டியில் உண்டு. கியூடி, டீபக், பிளகின்ஸ் என்ற மூன்று சொற்களையும் பெரிய எழுத்துகளில் அடிக்கோடிட்டு இணைத்தால் அதுதான் பெயர். அதற்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்துச் செயலியை இயக்கியதும் முனையம் நிரம்பி வழிந்தது. திரைக்கான செருகுநிரல், படங்களுக்கான செருகுநிரல் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுவதால், நமக்கு வேண்டிய வரியைக் கோப்புறைப் பெயரைக் கொண்டு வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்தபோது விடை கிடைத்தது. நிரலகம் ஸ்பீச்டி கோப்பைக் கண்டிருக்கிறது, அதன் மேல்விவரத்தைப் படித்திருக்கிறது, அதில் கியூட்டி 5.15 என்று இருப்பதைப் பார்த்துப் பொருந்தாதது என்று தள்ளியிருக்கிறது. தள்ளப்பட்ட கோப்பு பட்டியலில் சேர்வதில்லை. மிஞ்சியது மாக் மட்டுமே. அதன் முன்னுரிமை எண் மிகக் கீழே வைக்கப்பட்டிருப்பதால், பெயர் சொல்லிக் கேட்டாலொழிய நிரலகம் அதைத் தேர்ந்தெடுக்காது. ஆகவே தேர்வு செய்ய எதுவும் இல்லாமல், காணப்படவில்லை என்ற செய்தி எழுதப்பட்டது. கோப்பு வட்டில் இல்லை என்பது அந்தச் செய்தியின் பொருள் அன்று; தகுதியுள்ளதாக ஏற்கப்பட்ட ஒன்றுகூட இல்லை என்பதே பொருள்.

கியூட்டி 6 செயலியின் பொதிக்குள் கியூட்டி 5-இன் செருகுநிரல் எப்படி வந்தது என்பது தனிக் கதை. உரை ஒலிப்புப் பகுதி முதலில் கியூட்டி 5.8 பதிப்பில், 2017-இல் வந்தது. கியூட்டி 6 வெளியானபோது அது இடம்பெறவில்லை. 2022-இல் வந்த 6.4 பதிப்பில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. உபுண்டு 22.04 தன் களஞ்சியத்தில் தரும் கியூட்டி 6-இன் பதிப்பு 6.2.4. ஆகையால் அந்த உபுண்டுவில் களஞ்சியத்தைத் தேடினால் கியூட்டி 5-க்கான ஸ்பீச்டி செருகுநிரல் பொதி கிடைக்கும். கியூட்டி 6-க்கானது கிடைக்காது. பொதி கட்டும் பொறுப்பில் இருந்த நிரலாளர், முதல் முயற்சியிலேயே இதே பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு, களஞ்சியத்தில் கிடைத்த ஒரே ஸ்பீச்டி பொதியிலிருந்து கோப்பை எடுத்து வைத்திருக்கிறார். வைத்த பிறகும் அதே செய்தி வந்ததால் பழுது வேறெங்கோ இருக்கிறது என்று விட்டுவிட்டார். செய்தி மாறாமல் இருந்தாலும் அதன் காரணம் மாறியிருந்தது என்பதை அந்த ஒற்றை வரியைக் கொண்டு கண்டறிய வழியே இல்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை.

வேர்

முதல் முயற்சியில் ஸ்பீச்டி கோப்பு ஏன் இல்லாமல் போனது என்பதே மூலக் கேள்வி. எங்கள் வெளியீடுகள் கண்டெய்னர் என்னும் தனித்த இயங்குசூழல் ஒன்றில் கட்டப்படுகின்றன. கியூட்டியையும் அங்கேயே மூலநிரலிலிருந்து தொகுக்கிறோம். கியூட்டியைத் தொகுப்பதற்கு முன் நடக்கும் அமைப்புக் கட்டத்தில், கணினியில் என்னென்ன நிரலகங்கள் உள்ளன என்று ஆராயப்படுகிறது. ஸ்பீச் டிஸ்பாச்சரைப் பயன்படுத்தும் நிரலைத் தொகுக்கத் தேவையான தலைப்புக் கோப்புகளைக் கொண்ட மேம்பாட்டுப் பொதி இருந்தால் ஸ்பீச்டி செருகுநிரல் தொகுக்கப்படும், இல்லையென்றால் விட்டுவிடப்படும். விட்டுவிடப்படுவது பிழையாகக் கருதப்படுவதில்லை. அமைப்புக் கட்டத்தின் முடிவில் வரும் நீண்ட சுருக்கப் பட்டியலில், உரை ஒலிப்பு என்ற தலைப்பின் கீழ் ஸ்பீச் டிஸ்பாச்சர், ஃப்ளைட் ஆகியவற்றுக்கு நேராக 'இல்லை' என்று எழுதிவிட்டு வேலை தொடர்கிறது. பல நூறு வரிகள் ஓடும் பதிவில் அந்த வரியை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

எங்கள் கண்டெய்னரில் அந்த மேம்பாட்டுப் பொதி இல்லை. நிரலாளர்களின் கணினிகளில் வேறு வேலைகளுக்காக அது முன்பே நிறுவப்பட்டிருந்தது. அதனால் அங்கே செயலி பேசியது. கண்டெய்னரில் தொகுக்கப்பட்டது மாக் ஒன்று மட்டுமே. ஒலி அட்டை இல்லாத கண்டெய்னரில் உண்மையான குரலைச் சோதிக்க முடியாது என்பதால் தானியங்கிச் சோதனைகள் மாக் இயந்திரத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும்படி எழுதப்பட்டிருந்தன. அது சரியான நடைமுறையே. ஆனால் அதன் பக்கவிளைவாக, உண்மையான செருகுநிரல் ஒன்றுகூட இல்லாத பொதியும் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது.

திருத்தம் இரண்டு வரிகளில் அடங்கியது. கண்டெய்னரில் மேம்பாட்டுப் பொதியைச் சேர்த்தோம். கியூட்டியின் அமைப்புக் கட்டத்தில் ஸ்பீச்டி அம்சத்தைக் கட்டாயம் என்று அறிவித்தோம். கட்டாயம் என்று அறிவித்த அம்சத்தின் நிபந்தனை நிறைவேறாவிட்டால் அமைப்புக் கட்டமே பிழையோடு நின்றுவிடும். முதல் வரி இன்றைய பழுதைச் சரிசெய்கிறது; அடுத்த முறை யாரேனும் கண்டெய்னரைப் புதுப்பிக்கும்போது அந்தப் பொதி விடுபட்டால் உடனே தெரிய வைப்பது இரண்டாவது வரி. எனக்கு இரண்டாவதே முக்கியமாகப் படுகிறது.

அடுத்த கதவுகள்

சரியான செருகுநிரலுடன் கட்டிய பொதி, தொலைபேசியில் அழைத்த பரிசோதகரின் கணினியில் உடனே பேசியது. வேறொருவரின் கணினியில் பேசவில்லை. இம்முறை முனையத்தில் வந்த செய்தி வேறு: ஸ்பீச்டி செருகுநிரலை ஏற்றுவதில் பிழை. இது நல்ல அறிகுறி. முதல் அடுக்கைக் கடந்துவிட்டோம் என்பதற்கான சான்று. இயங்குநேரத்தில் எந்தெந்த நிரலகங்கள் தேவை என்று காட்டும் எல்டிடி கட்டளையை அந்தக் கணினியில் இயக்கினோம். இதைச் செயலியின் மீது இயக்கினால் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். ஏனென்றால் செயலி ஸ்பீச் டிஸ்பாச்சரை நேரடியாகச் சார்ந்திருக்கவில்லை. செருகுநிரல் கோப்பின் மீது இயக்க வேண்டும். இயக்கியபோது ஸ்பீச் டிஸ்பாச்சரின் வாடிக்கையாளர் நிரலகம் கிடைக்கவில்லை என்று காட்டியது. அந்தக் கணினியில் குறைந்தபட்ச நிறுவல் மட்டுமே செய்யப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் குழுவில் ஒரு விவாதம் நடந்தது. அந்த நிரலகத்தையும் பொதிக்குள்ளேயே வைத்துவிடலாம் என்றனர் சிலர். செருகுநிரலின் ஏற்றப் பிழை அதனால் நீங்கும். ஆனால் மறுமுனையில் சேவை இல்லாத கணினியில் அந்த நிரலகத்தோடு பேச யாரும் இருக்கமாட்டார்கள், பிழை அடுத்த அடுக்குக்கு நகரும், அவ்வளவுதான். சேவையைத் தரவேண்டியது இயங்குதளம். எனவே வாடிக்கையாளர் நிரலகம், சேவை, இஸ்பீக் என்ஜிக்கான கூறு ஆகிய மூன்றையும் உபுண்டு ஏற்கும் டெபியன் வடிவப் பொதியின் சார்புப் பட்டியலில் எழுதி, நிறுவும்போதே அவையும் வந்து சேரும்படி செய்தோம். சேவையைத் தனியாகச் சோதிக்க எஸ்பிடி-சே என்ற சிறு கட்டளை உண்டு. மொழியாகத் தமிழைக் குறிப்பிட்டு ஒரு சொல்லைக் கொடுத்தால், கியூட்டியின் தலையீடு இல்லாமலேயே சேவை பேசுகிறதா என்று தெரிந்துவிடும். ஓர்கா இல்லாத கணினிகளில் இதுவே முதல் சோதனையாக இருக்கட்டும்.

தனிக்கூண்டுக்குள் செயலியை இயக்கும் ஃபிளாட்பேக் போன்ற முறைகளில் இன்னொரு தடை உண்டு. செருகுநிரலும் நிரலகமும் கூண்டுக்குள் இருந்தாலும், சேவையோடு தொடர்புகொள்ள உதவும் சாக்கெட் கோப்பு கூண்டுக்கு வெளியே, பயனரின் இயங்குநேரக் கோப்புறையில் இருக்கிறது. அந்த இடத்தை அணுக வெளிப்படையாக அனுமதி கேட்காவிட்டால் தொடர்பு கிடைக்காது.

ஃப்ளைட் செருகுநிரலைப் பற்றி எச்சரிக்கையாக ஒன்று. ஸ்பீச்டி சிக்கலைச் சுற்றிப்போக, சேவை எதுவும் தேவைப்படாத ஃப்ளைட்டைச் சேர்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. சேர்த்துப் பார்த்தோம். செருகுநிரல் ஏறியது, இயந்திரம் உருவானது, நிலை தயார் என்று காட்டியது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. நூலின் ஆங்கிலத் தலைப்பை அமெரிக்க உச்சரிப்பில் வாசித்துவிட்டுத் தமிழ்ப் பத்திகளில் மௌனமாக நின்றது. கியூட்டியின் ஃப்ளைட் செருகுநிரல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஆங்கிலக் குரல்களையே தேடி ஏற்றுகிறது; தமிழ் அதன் பட்டியலில் இல்லை. செருகுநிரல் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் நிரலுக்கு இந்தத் தோல்வி தோல்வியாகவே தெரியாது. கிடைக்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்பதே எங்களைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஃப்ளைட்டைப் பொதியிலிருந்து நீக்கினோம்.

விண்டோசும் ஆண்ட்ராய்டும்

விண்டோஸ் பொதியிலும் பேச்சு வரவில்லை என்ற புகார் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அதே நோய்; உள்ளே முற்றிலும் வேறு. அங்கே கியூட்டியின் பொதிகட்டும் கருவி செருகுநிரல்களைச் சரியாகவே எடுத்து வைத்திருந்தது. விண்டோசில் மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்விசி தொகுப்பானைப் பயன்படுத்தும்போது, பிழைதேடலுக்கான டீபக் வகைச் செருகுநிரலை வெளியீட்டுக்கான ரிலீஸ் வகைச் செயலி ஏற்காது, மேல்விவரச் சோதனையிலேயே தள்ளிவிடும். எங்கள் பொதியில் அந்தக் கலப்பும் இல்லை. இயந்திரம் தயார். குரல்தான் இல்லை.

காரணம், குரல்கள் விண்டோசில் இரண்டு வெவ்வேறு பதிவேட்டு இடங்களில் இருக்கின்றன. பழைய சாபி முறைக்கான குரல்கள் ஓரிடத்தில். விண்டோஸ் 10-லிருந்து அமைப்புகள் வழியாக மொழியோடு சேர்த்து நிறுவப்படும் ஒன்கோர் குரல்கள் இன்னோரிடத்தில். தமிழுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் வள்ளுவர் என்ற குரல் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. எங்கள் நிரலின் தொடக்கப் பகுதி கியூட்டி 5 காலத்தில் எழுதப்பட்டது. அப்போது மேசைக்கணினி விண்டோசுக்குச் சாபி மட்டுமே பயன்பட்டதால் அந்தப் பெயரையே நேரடியாகக் குறிப்பிட்டு இயந்திரத்தைக் கேட்டிருந்தது. சாபிக்கு வள்ளுவர் தெரியமாட்டார். ஒன்கோர் குரல்களைக் காணும் வின்ஆர்டி என்று மாற்றியதும் தமிழ், மொழிப் பட்டியலில் வந்து நின்றது.

இங்கேயும் பரிசோதகர் ஒருவர் என்விடிஏ திரைவாசிப்பான் தமிழில் பேசுவதைச் சுட்டிக்காட்டினார். ஓர்காவை வைத்து லினக்சில் எடுத்த முடிவை இங்கே எடுக்க முடியாது. என்விடிஏ தனக்கென்று இஸ்பீக் என்ஜியைத் தன்னுள்ளேயே கொண்டு வருகிறது. விண்டோசில் தமிழ்க் குரல் ஒன்றுகூட நிறுவப்படாமல் இருந்தாலும் அது பேசும். ஒரே சாட்சி, இரண்டு தளங்களில் இரண்டு விதமான மதிப்பு.

ஆண்ட்ராய்டில் விவகாரம் சிறியது. ஆண்ட்ராய்டு 11-லிருந்து ஒரு செயலி, சாதனத்தில் உள்ள பிற செயலிகளைத் தானாகப் பார்க்க முடியாது. எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை செயலியின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பின் குவெரீஸ் பகுதியில் அறிவிக்க வேண்டும். உரை ஒலிப்பு இயந்திரங்களும் தனிச் செயலிகளே என்பதால், உரை ஒலிப்பு (டிடிஎஸ்) சேவைக்கான இன்டென்ட் என்னும் அழைப்புக் குறிப்பை அங்கே எழுதாவிட்டால், சாதனத்தில் கூகுளின் தமிழ்க் குரல் இருந்தும் நம் செயலிக்கு அது தெரியாது. எழுதினோம், பேசியது.

செய்த மாற்றங்கள்

நிரலில் செய்த மாற்றம், தொடக்கத்திலேயே நடக்கும் ஒரு சங்கிலிச் சோதனை. கிடைக்கும் இயந்திரங்களின் பட்டியலை எடுத்து மாக்கை நீக்குகிறது. தளத்துக்கு ஏற்ற இயந்திரத்தைப் பெயர் சொல்லி உருவாக்குகிறது. நிலை பிழையா என்று பார்க்கிறது. மொழிப் பட்டியலில் தமிழைத் தேடுகிறது. எந்தப் படியில் நின்றதோ அதற்கு உரிய செய்தியைத் தமிழில் காட்டுகிறது. அந்தச் செய்தியை வெறும் எழுத்தாகத் திரையில் வைக்காமல், அணுகல்தன்மை இடைமுகத்தின் வழியாகத் திரைவாசிப்பானுக்கு அறிவிப்பாகவும் அனுப்புகிறோம். முனையத்தில் எழுதப்படும் எச்சரிக்கை நிரலாளருக்குப் போதும்; வாசிப்புக்காகவே இந்தச் செயலியை நாடும் பயனர் முனையத்தைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. 'வாசி' பொத்தானும் இப்போது இயந்திரத்தின் நிலை மாறினால் மட்டுமே மாறுகிறது.

மாக் செருகுநிரலை வெளியீட்டுப் பொதிகளிலிருந்து நீக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது. இருப்பதால் தீங்கில்லை, தானாகத் தேர்வாகாது என்பது ஒரு வாதம். ஆனால் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதைப் பார்த்து இயந்திரம் கிடைத்துவிட்டது என்று எண்ணும் நிரலை எதிர்காலத்தில் யாரேனும் எழுதக் கூடும் என்பதால் நீக்கச் சொன்னேன்; நீக்கப்பட்டது. வெளியீட்டு வரிசையின் கடைசிப் படியாக, எந்த மேம்பாட்டுப் பொதியும் இல்லாத புதிய மெய்நிகர் கணினியில் பொதியை நிறுவி, இயந்திரங்கள், மொழிகள் ஆகிய இரு பட்டியல்களையும் அச்சிடும் சோதனை சேர்க்கப்பட்டுள்ளது. உபுண்டுவில் ஸ்பீச்டியும் தமிழும், விண்டோசில் வின்ஆர்டியும் தமிழும் அந்தப் பட்டியல்களில் இல்லையென்றால் பொதி வெளியே போகாது. ஃபிளாட்பேக் வெளியீட்டை, சாக்கெட் அனுமதியோடு இதே சோதனையில் தேறும் வரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.